மறைக்க ஒரு நிறம், காட்ட ஒரு நிறம்

பிப்ரவரி மாதத்து விடியற்காலை. விருத்தாசலத்தில் இருந்து நெய்வேலி போகும் பக்கம், சாலையை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம். ஒரு ஏக்கர் முந்திரி, ஒரு ஏக்கர் மார்கழிப் பட்டத்து நிலக்கடலை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ ரகம். விதைத்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. பூ முடிந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். கடலைக்குத் தண்ணீர் தப்பக்கூடாத நேரமும் அதுதான்.

தண்ணீர் பாய்ச்சலாம் என்று மோட்டார் கொட்டகைக்குப் போன அவர், ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டுக் காத்து நின்றார். சத்தம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கேசிங் குழாய்க்குள் இறங்கும் கேபிளை வெட்டி, மேலே கிடந்த நீளம் முழுவதையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். செம்புக்காகத்தான். எடைக்குப் போட்டால் அவர்களுக்குச் சில ஆயிரம் கிடைத்திருக்கும். அவருக்குப் புது கேபிள், ஆள் கூலி, மோட்டாரை மேலே தூக்கி இறக்கும் செலவு என்று மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. எட்டு நாள் கடலை காய்ந்தது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார். "உன் கொட்டகை பஸ்ஸுல போறவன் கண்ணுல எல்லாம் படுதுப்பா. வாங்கன்னு கூப்பிடற மாதிரி நிக்குது."

அது உண்மை. போன வருஷம் வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்ட்டை வீணாக்க மனம் வராமல், கொட்டகைக் கூரைத் தகரத்துக்குக் கிளிப்பச்சையும் கதவுக்கு நீலமும் அடித்திருந்தார். நாலு பக்கமும் செம்மண். நடுவில் கிளிப்பச்சைக் கூரை.

முதல் தவறு

மறைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். ராணுவ வண்டிகளைப் படத்தில் பார்த்திருக்கிறார். பச்சைமேல் கரும்பச்சைத் திட்டு. கடைவீதிக்குப் போய் கரும்பச்சையில் ஆறு ஸ்பிரே டப்பா வாங்கி வந்து, கூரையிலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் ஒரே மத்தியானத்தில் அடித்து முடித்தார். கூரைக்குப் பாதியிலேயே டப்பா தீர்ந்துவிட்டது. சின்ன டப்பா ஒன்றில் ஒரு சதுர மீட்டரோ, கொஞ்சம் கூடவோதான் மூடும் என்பது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையில் ஏழு வருஷமாக ஸ்பிரே கன் பிடிக்கிறவன். கூரையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க மாமா, ரோட்டுக்குப் போவோம்" என்றான்.

"எதுக்குடா மாப்ள?"

"நீங்க கொட்டகைக்குப் பக்கத்துல நின்னு பாக்குறீங்க. திருடன் அங்கேருந்தா பாக்கறான்?"

சாலையில் நின்று திரும்பிப் பார்த்தார். கூரை முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. வெயில் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது.

கண் முதலில் எதைப் பிடிக்கிறது?

அன்றைக்கு அந்தச் சாலையோரப் புளியமரத்தடியில் அவன் சொன்னவைதான் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையாக மாறின.

கண் முதலில் பிடிப்பது மினுமினுப்பை. அதற்கடுத்து நேர்க்கோட்டை. காட்டில் நேர்க்கோடு கிடையாது. கூரை விளிம்பும் கதவுச் சட்டமும்தான் நேராக இருக்கும். மூன்றாவது நிழல். நிறம் நாலாவதுதான். "நீங்க நாலாவதுலேருந்து ஆரம்பிச்சிட்டீங்க மாமா."

அதனால் வாங்கும்போது டப்பாவில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் 'மேட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கிளாஸ்' என்று இருந்தால் எந்த நிறமாக இருந்தாலும் மின்னும். ஏற்கெனவே மின்னும் பெயின்ட் அடித்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, அதன்மேல் மேட் அடிக்கலாம்.

அடுத்தது, எந்தப் பச்சை? பச்சை என்றால் மறைந்துவிடும் என்பது மலைக்காட்டுக்குச் சரி. இந்தப் பக்கத்தில் கடலை பிடுங்கிய பிறகு நிலம் சிவப்பு. வைகாசியில் வரப்புப் புல் வைக்கோல் நிறம். முந்திரி மட்டும் வருஷம் முழுக்கப் பச்சை. அதுவும் மங்கலான, கொஞ்சம் பழுப்புக் கலந்த பச்சை. ஆகவே முந்திரியை ஒட்டி நிற்கும் பக்கத்துக்கு மங்கிய பச்சை, திறந்த நிலத்தைப் பார்த்த பக்கத்துக்குச் செம்மண் நிறம், இடையில் காய்ந்த புல் நிறம். ஆக மூன்று நிறம் போதும். பெயின்ட் கடைக்குப் போகும்போது கையில் ஒரு பிடி மண்ணும், முந்திரி இலை ஒன்றும், வரப்புப் புல் ஒரு கொத்தும் கொண்டு போனால் போதும். நிற அட்டையில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு படி மங்கலானதை எடுக்க வேண்டும்.

பொம்மைப் பட்டறைப் பாடம்

அடுத்த வாரம் மருமகனைப் பார்க்கப் பட்டறைக்கே போனார். பிறந்ததில் இருந்து விருத்தாசலத்துக்குப் போய் வருகிறார்; பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் தெரியும்; பொம்மை செய்வதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் இந்த ஊரைப் பீங்கான் ஊராக்கியது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் களிமண் ஏடு படிகிறது. மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொள்ளலான பொம்மை. காய்ந்து, சூளையில் வெந்து, பிறகு நிறத்துக்கு வருகிறது.

மருமகன் ஒரு பிள்ளையார் பொம்மையைக் கையில் எடுத்தான். மொத்தமும் ஒரே ரோஸ் நிறம். தட்டையாக இருந்தது. ஸ்பிரே கன்னால் தொப்பைக்குக் கீழே, கன்னத்துக்குக் கீழே, காது மடிப்பில் அடர் நிறத்தை லேசாக ஊதினான். நெற்றியிலும் தொப்பை மேட்டிலும் வெளிர் நிறம். தொப்பை முன்னால் வந்து நின்றது. 

"மேலே வெளிச்சம், கீழே இருட்டு. இப்படி அடிச்சா பொருள் எழுந்து நிக்கும். மறைக்கணும்னா இதைத் தலைகீழா அடிக்கணும் மாமா. மேலே இருட்டு, கீழே வெளிச்சம்."

இது அவன் பட்டறையில் கண்டுகொண்டது. ஆனால் புள்ளிமானுக்கு முதுகு அடர்ந்தும் வயிறு வெளுத்தும் இருப்பதற்கும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். வெயில் முதுகில் பட்டு வெளுப்பாக்குகிறது, நிழல் வயிற்றைக் கறுப்பாக்குகிறது. உடம்பின் நிறம் அதற்கு நேர்மாறாக இருப்பதால் இரண்டும் சமமாகி, மான் தட்டையாகத் தெரிகிறது. இதை 1896ல் எழுதி விளக்கியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்கர். அவரும் தூரிகை பிடித்த ஓவியர்தான். முதல் உலகப் போரில், 1915ல், பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோதும் ஓவியர்களைத்தான் அழைத்தது. பொருளை எடுப்பாகக் காட்டத் தெரிந்த கைக்குத்தான் அதை மறைக்கவும் தெரியும்.

பட்டறையில் இன்னொன்றும் அவர் மனதில் நின்றது. பீங்கானுக்கு நிறம் தருபவை உலோக ஆக்சைடுகள். கோபால்ட் சூளைக்குள் போகும்போது கறுப்பு, வெளியே வரும்போது நீலம். போகும் நிறம் வேறு, வரும் நிறம் வேறு. சாதாரண பெயின்ட்டிலும் ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. ஆகவே பழைய தகரத் துண்டில் அடித்து, மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரும்பு ஆக்சைடு தரும் காவி நிறங்கள் வெயிலுக்கு வெளுக்காது. மலிவான பச்சை சீக்கிரம் வெளுத்துவிடும். "காவி கூட இருக்கட்டும், பச்சை குறைச்சலா இருக்கட்டும்" என்றான் மருமகன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை

வேலை இப்படி நடந்தது. முதலில் மெயினை இறக்கினார்கள். ஸ்பிரே டப்பாவில் இருந்து வரும் புகை தீப்பிடிக்கும். ஓடுகிற ஸ்டார்ட்டருக்குள் பொறி தெறிக்கும். இரண்டும் சேரக்கூடாது. பீடியும் அணைக்கப்பட்டது. வாய், மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. காற்று எழும் முன், காலை ஏழு மணிக்குள் தொடங்கினார்கள். முந்திரி பூவில் இருந்ததால் அந்தப் பக்கம் பழைய தார்ப்பாயைக் கட்டினார்கள்.

கூரைத் தகரத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துரு கண்ட இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தார்கள். துத்தநாகம் பூசிய புதுத் தகரமாக இருந்தால் அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் ஏடு ஏடாக உரிந்துவிடும். பி.வி.சி குழாயையும் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது, முயற்சி வேண்டாம்.

பெரிய பரப்பான கூரைக்குக் கேட் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் கம்ப்ரஸரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். டப்பா, பெட்டிக்கும் குழாய்க்கும் மட்டும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து, பொருளுக்கு வெளியே தொடங்கி, பொருளைத் தாண்டி வெளியே முடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் வழியும். ஒரு கனத்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு நல்லது. நடுவில் பத்து, பதினைந்து நிமிடம் விட வேண்டும். முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் வாய் அடைக்காது. மிச்ச டப்பாவை வெயிலிலோ அடுப்படியிலோ வைக்கக்கூடாது. காலி டப்பாவைக் குத்தவோ கொளுத்தவோ கூடாது.

முதலில் கூரை முழுக்கச் செம்மண் நிறம். அதன்மேல் திட்டுகள். அவர் உள்ளங்கை அகலத் திட்டுப் போடத் தொடங்கினார். மருமகன் தடுத்தான். சாலையில் இருந்து பார்த்தால் சின்னத் திட்டெல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். திட்டு இரண்டு முழமாவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், திட்டு விளிம்பைத் தாண்டிச் சுவரில் இறங்க வேண்டும். அப்போதுதான் கூரையின் நேர்க்கோடு உடையும். முந்திரிக் கிளை ஒன்றை ஒடித்துத் தகரத்தின்மேல் பிடித்து, அதற்கு மேலேயே பச்சையை ஊதினான். கிளையை எடுத்தபோது இலையின் வடிவம் தகரத்தில் இருந்தது.

கூரைக்கு அடியில் இறவாணத்து நிழல் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே மட்டும் வெளிர் சுண்ணாம்பு. பிள்ளையார் தொப்பைப் பாடம்.

சுவருக்குப் பெயின்ட்டே வாங்கவில்லை. நிலத்து மண்ணைச் சலித்து, சாணமும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்துக் குழம்பாக்கிப் பூசினார்கள். அதைவிடப் பொருத்தமான நிறம் எந்தக் கடையிலும் கிடையாது. மழைக்குக் கரையும், வருஷம் ஒருமுறை பூச வேண்டும்.

பிறகு இருவரும் சாலைக்குப் போனார்கள். மருமகன் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினான். நிறத்தை எடுத்துவிட்டும் கொட்டகை தனியாகத் தெரிந்தால் வெளிச்சமும் இருட்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கதவு மட்டும் தெரிந்தது. கதவுக்கு இன்னொரு பூச்சு.

இரண்டாவது தவறு

வேலை பிடித்துப்போனால் கை நிற்காது. மிச்சமிருந்த நிறத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. கேசிங் குழாயின் மேல்பகுதி, பக்கத்தில் இருந்த பழைய கிணற்றின் குட்டைச் சுவர், ஸ்டார்ட்டர் பெட்டி, அதில் ஒட்டியிருந்த மண்டை ஓடு போட்ட அபாயத் தகடு, எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டார். கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம்தான். அதுவும் ஒரு பக்கம் சரிந்தது.

மூன்றாம் நாள் மாலை, பொழுது மங்கும் நேரம். மனைவி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கன்றுக்குட்டி முன்னால் ஓடியது. அதைப் பிடிக்க எட்டி நடந்தவரின் கால் முட்டி குட்டைச் சுவரில் மோதியது. குப்புற விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பெயர்ந்து விழுந்த செங்கல் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்க நேரம் பிடித்தது.

இருபது வருஷமாக நடந்த பாதை. கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. ஆனால் கால் எண்ணி நடப்பதில்லை, கண் பார்த்து நடக்கிறது.

அவர் ஓடி வந்தபோது மனைவி சுவரில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "திருடனுக்கு மறைச்சீங்க, சரி. எனக்கும் சேர்த்து மறைச்சிட்டீங்களேங்க."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. 2019 அக்டோபர் கடைசியில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாலு நாள் ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தை உயிரோடு வரவில்லை. அவர் வீட்டில் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிணற்றுச் சுவரைச் சரிசெய்து, உயர்த்திக் கட்ட ஆள் சொன்னார். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே கையகல மஞ்சள் பட்டை. அபாயத் தகட்டில் இருந்த பெயின்ட்டைத் தின்னர் துணியால் துடைத்தெடுத்தார். பாதி அழிந்துபோனதால் புதுத் தகடு மாட்டினார். கேசிங் குழாய்க்கு இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கினார். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு என்றால் மூடி மட்டும் போதாது, அடியில் இருந்து மேல்வரை மண்ணோ மணலோ போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேட்டு வந்தவர்கள்

கொட்டகையைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலரும் கேட்டு வந்தார்கள். 

"பரணுக்கு இப்படி அடிச்சா காட்டுப்பன்றி ஏமாறுமா?" என்றார் ஒருவர். ஏமாறாது. பன்றி கண்ணை நம்புவதில்லை, மூக்கை நம்புகிறது.

"மோட்டாருக்கே அடிக்கலாமா?" வேண்டாம். மேல்மோட்டாரின் வரிவரியான உடம்புதான் அதன் சூட்டை வெளியே விடுகிறது. பெயர்த்தகடும் மறையக்கூடாது, திருட்டுப் போனால் புகாரில் எழுத அந்த எண்தான் வேண்டும். அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து வைக்கலாம். வெயிலில் நிற்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கரும்பச்சையும் வேண்டாம், உள்ளே கொதிக்கும். மண் நிறத்தில் வெளிர்ப்பாக இருப்பதே நல்லது.

பக்கத்து ஊர் இளைஞன் ஒருவன் பழைய ஜீப்புக்கு ராணுவ நிறம் அடிக்க ஆசைப்பட்டான். மருமகனே தடுத்துவிட்டான். 1989ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். வேறு நிறம் மாற்றினாலும் ஆர்.சி புத்தகத்தில் பதிய வேண்டும். 

"அப்போ பெயின்ட் அடிச்சா திருட்டு நிக்குமா?" என்ற கேள்விக்கு மட்டும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. நிறம் பூட்டு ஆகாது. வழியில் போகிறவன் கண்ணில் படாமல் இருக்க உதவும். இடம் தெரிந்து வருகிறவனைத் தடுக்காது. ஆகவே புது கேபிளைக் குழாய்க்குள் விட்டு முழங்கால் ஆழத்தில் புதைத்திருக்கிறார். கேசிங் வாயில் இரும்புப் பட்டை வெல்டிங் செய்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் ராத்திரிக்கு முறை வைத்து ஒரு சுற்று வருகிறார்கள். 

அந்தப் பட்டத்தில் கடலை எப்போதும் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது. பல செடிகளில் விழுது மண்ணைத் தொடாமலே காய்ந்திருந்தது. சங்கிலியை மீட்க அடுத்த முந்திரி அறுவடை வரை ஆனது.

இப்போதும் விருத்தாசலம் சந்தைக்குப் போய் பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் ஓரமாக உட்காருகிறார். அந்த வளைவு வந்ததும் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். கொட்டகை தெரிவதில்லை. முந்திரிக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் கிணற்றுச் சுவரின் வெள்ளை மட்டும் தெரிகிறது.